கையா, யந்திரமா? ரூட் கேனலைப் பற்றிக் காரைக்காலிலிருந்து சில வார்த்தைகள்

பல்லுக்கு ரூட் கேனல் செய்தாக வேண்டும் என்று சொன்னவுடன் நோயாளி கேட்கும் முதற் கேள்வி முன்னாட்களில் வலியைப் பற்றியதாகவும், இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியதாகவும் இருக்கும், இப்போதோ அவ்விரண்டையும் முந்திக்கொண்டு, “கையால செய்வீங்களா, மெஷின்லயா?” என்ற கேள்வி வந்து நிற்கிறது. இதைக் கேட்பவர்களில் இரு கட்சியார் உண்டு. மாங்கனித் திருவிழாவை உத்தேசித்துப் பிரான்சிலிருந்து விடுமுறையில் வந்திறங்கி, திரும்பிப் போவதற்குள் வாயிலுள்ள காரியங்களையெல்லாம் முடித்துக்கொண்டுவிட வேண்டும் என்று துடிக்கும் நம்மூர்க்காரர்கள் யந்திரத்தின் கட்சி. திருமலைராயன்பட்டினத்திலிருந்தும் கோட்டுச்சேரியிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பெரியவர்கள் கையின் கட்சி. “மெஷின் வெச்சுக் கொடையாதீங்க தம்பி, கையாலயே நெதானமாப் பாத்து எடுத்துவுட்ருங்க” என்று ஓர் ஆச்சி அண்மையில் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு சொன்னார். நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்து, மறுமொழி சொல்லவியலாத நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு வியாக்கியானம் செய்வது தர்மமாகாது என்பதால், இரு கட்சியாருக்குமாக இங்கே சற்று விஸ்தாரமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றிற்று.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையா யந்திரமா என்ற கேள்விக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன: கருவியைச் சுழற்றுவது விரலா மோட்டாரா என்பது ஒன்று; அக்கருவி எந்த உலோகத்தால் ஆனது என்பது மற்றொன்று. யந்திரத்தின் புகழாக நாம் பாடிக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு உண்மையில் உலோகத்தைச் சேர வேண்டிய புகழ். இவ்விரண்டையும் விட முக்கியமான மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அதை என்னிடம் இன்றுவரை எந்த நோயாளியும் கேட்டதில்லை.

பல்லின் வெளித்தோடு எனாமல், அதனுள்ளே தந்தினி, தந்தினியின் நடுவே, கிரீடத்தில் ஒரு சிற்றறையாகத் தொடங்கி ஒவ்வொரு வேரினுள்ளும் இறங்கி, வேர்நுனியில் ஒரு மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்கு அகலமே உள்ள துவாரத்தில் முடியும் நாளத்தில், இரத்தக்குழாய்களும் நரம்பும் கலந்த பற்கூழ் இருக்கிறது. ஜனங்கள் “நரம்பு எடுக்கிறது” என்று சொல்வது இந்தக் கூழை எடுப்பதைத்தான். கீழ்க் கடைவாய்ப்பல்லில் இத்தகைய நாளங்கள் பெரும்பாலும் மூன்று, சிலபோது நான்கு. மேல் கடைவாய்ப்பல்லின் கன்னத்துப் பக்கத்து முன்வேரிலோ, ஒன்று என்று எண்ணி இறங்குகிறவனை ஏமாற்றிவிட்டு இரண்டாவது ஒன்று அடிக்கடி ஒளிந்திருக்கும். ஜூரிச் நகரத்து வால்டர் ஹெஸ் என்பவர், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், எடுத்த பற்களின் நாளங்களில் ரப்பரைச் செலுத்திக் கெட்டிப்படுத்திப் பின்பு பல்லைக் கரைத்துவிட்டு, எஞ்சிய ரப்பர் உருவத்தை உலகத்துக்குக் காட்டினார். அதுவரை பாடப்புத்தகங்களில் நேர்க்கோடாக வரையப்பட்டிருந்தவை, கிளைகளும் குறுக்கு இணைப்புகளும் நுனியில் பல பிரிவுகளும் கொண்ட வலைகளாக அதில் தெரிந்தன.

இதை நம்மூராருக்குச் சொல்வது எளிது. காவிரியின் கடைமடை காரைக்கால். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு என்று பிரிந்து வரும் நீரில் புதுச்சேரிப் பிரதேசத்துக்கென நடுவர் மன்றம் 2007இல் ஒதுக்கி, உச்சநீதிமன்றம் 2018இல் உறுதிசெய்த பங்கு 7 டி.எம்.சி. அந்தப் பங்கு கடைசி வயலுக்கு வந்து சேருமா என்பதோ கர்நாடகத்தையும் மேட்டூரையும் மட்டும் பொறுத்ததன்று. நமது வாய்க்கால் தூர்வாரப்பட்டிருக்கிறதா என்பதையும் பொறுத்தது. தூர்வாருவதில் மண்வெட்டிக்கும் பொக்லைனுக்கும் உள்ள பேதத்தை நேரில் கண்டவர்களுக்குப் பல் நாளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டி மெதுவாகச் செல்லும், வளைவோடு வளையும், ஆழம் ஒரே சீராக இராது. பொக்லைன் விரைவாகச் செல்லும், ஆழம் சீராக இருக்கும், ஆனால் ஓட்டுகிறவன் அசந்தால் வளைவை நேராக வெட்டிக் கரையையும் சேர்த்து வாரிவிடும். இரண்டிலும் நோக்கம் வாரப்பட்ட வாய்க்காலன்று, அதன் வழியே கடைமடை வரையில் போய்ச் சேரும் நீரே என்பதைத்தான் ஊரார் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பல் வைத்தியரும் மறப்பதுண்டு.

இங்கே ஒரு சரித்திரத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. பல்வலி என்றால் பல்லில் புழு என்பது நம் கிராமங்களில் மட்டுமன்றி பாபிலோன் முதல் பாரிஸ் வரையில் பரவியிருந்த நம்பிக்கை. கண்டங்கத்திரி விதையை அனலிலிட்டு அப்புகையை வாயில் பிடித்து, பாத்திரத்து நீரில் விழும் வெண்ணிறத் துணுக்குகளைப் “பார், புழு” என்று காட்டும் வைத்தியத்தை என் பாட்டி தலைமுறையினர் பிரத்தியட்ச அநுபவமாகவே சொல்வார்கள். வெப்பத்தில் வெடித்த விதையின் உள்முளைதான் அது. பியேர் ஃபொஷார் என்னும் பிரெஞ்சுக்காரர், தந்தவைத்தியத்தை ஒரு சாஸ்திரமாகத் தொகுத்து 1728இல் பாரிஸில் வெளியிட்ட நூலில், நுண்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தும் தமக்குப் புழு எதுவும் அகப்படவில்லை என்று எழுதினார். கூழைத் துளைத்து வெளியேற்றுவதையும், கிராம்புத் தைலம் தோய்த்த பஞ்சை உள்ளே வைப்பதையும் அதே நூலில் விவரித்தார். அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1739இல், காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பரில் அவர்கள் நீங்கும் வரை பெரும்பாலும் அவர்களுடைய கொடியின் கீழேயே நாம் இருந்தும், கண்டங்கத்திரிப் புகை நம் தெருக்களைவிட்டு நீங்கவில்லை என்பது சாம்ராஜ்யங்களின் சக்திக்கு உள்ள எல்லையைக் காட்டுகிறது போலும்! கிராம்புத் தைலமோ இன்றும் என் மேஜைமீது இருக்கிறது.

புழு இல்லையானால் வேறென்ன என்ற கேள்விக்குத் தீர்மானமான விடை 1965இல்தான் கிடைத்தது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்களையும் சாதாரண எலிகளின் பற்களையும் ஒரே விதமாகத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டார்கள்; கிருமியற்ற எலிகளில் உணவுத் துணுக்கு அடைந்து கிடந்தபோதிலும் கூழ் பிழைத்துத் துவாரத்தை மூட முனைந்தது; மற்றவற்றில் அழுகிச் சீழ் வைத்தது. ஆகவே ரூட் கேனல் என்பது, அதன் சாரத்தில், நரம்பை எடுக்கும் வேலையன்று. நாளத்திலுள்ள கிருமியை எந்த அளவுக்குக் குறைக்க முடியும் என்ற வேலை. கையையும் யந்திரத்தையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

முதலில் கை. எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கர் 1838இல் கடிகாரத்தின் வில்கம்பியை அராவிக் கூராக்கி நாளத்துக்குள் செலுத்தினார் என்றும், வேர்சிகிச்சைக்கென அமைந்த முதற் கருவி அதுவே என்றும் நூல்கள் சொல்கின்றன. இதே மனிதர் துப்பாக்கிகளையும் வடிவமைத்துப் பெயர் பெற்றவர் என்பது விசித்திரம். பிறகு வந்த கே-ஃபைலில் உள்ள கே என்பது அதைத் தயாரித்த கெர் கம்பெனியின் முதலெழுத்து: சதுரமோ முக்கோணமோ ஆன எஃகுக் கம்பியை முறுக்கினால் விளிம்புகள் படிப்படியாகச் சுற்றிவந்து அரம் ஆகிவிடும். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி எண்ணிட்டுக்கொண்டிருந்த இந்த ஃபைல்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று ஜான் இங்கிள் 1958இல் முன்மொழிந்ததன் பயனாக, இன்று உலகம் முழுவதும் ஒரே கணக்கு நிலவுகிறது. வெள்ளைப் பிடி 15, மஞ்சள் 20, சிவப்பு 25, நீலம் 30, பச்சை 35, கறுப்பு 40. எண்ணை நூறால் வகுத்தால் முனையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். அங்கிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே செல்லச் செல்ல நூற்றில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் வீதம் பருக்கும். என் நாற்காலியில் படுத்துக்கொண்டு தட்டிலுள்ள வர்ணங்களைக் கண்டு அஞ்சும் குழந்தைகளுக்கு இதைச் சொல்வேன். ஊதாவும் வெள்ளையும் மெலியவை, கறுப்புதான் தடித்தது என்று தெரிந்ததும், இப்போது எந்த வர்ணம் என்று கேட்பதிலேயே அவர்களுக்கு நேரம் போய்விடும்.

கைஃபைலின் மகிமை விரல்நுனியின் உணர்ச்சியில் இருக்கிறது. பத்தாம் எண் ஃபைலை, நுனியில் சற்றே வளைத்து, கால் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாகக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைப் போன்ற அசைவில் இறக்கும்போது, கூழ் இருக்கும் இடம், சுண்ணம் படிந்து இறுகிய இடம், வளைவு தொடங்கும் இடம், வேறொரு கிளை பிரியும் இடம் ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக விரலுக்குத் தெரியும். இதை எழுத்தில் கற்பிக்க முடியாது. சிதம்பரத்தில் நாங்கள் படித்த காலத்தில், எடுத்த பற்களை மெழுகுக் கட்டையில் பதித்துக்கொண்டு, இரவெல்லாம் அராவிக்கொண்டிருந்தது இந்த உணர்ச்சிக்காகவே.

ஆனால் கையின் குற்றமும் அங்கேயே இருந்தது. எஃகு, வளைத்தால் நிமிர விரும்பும் சுபாவமுடையது. ஃபைல் தடிக்கத் தடிக்க அந்த விருப்பமும் வலுக்கும். வளைந்த வேரினுள் இருபத்தைந்தாம் எண்ணைத் தாண்டி மேலும் கீழுமாக இழுத்தால், நுனி வளைவின் வெளிப்புறத்தையும் நடுப்பகுதி உட்புறத்தையும் தின்றுகொண்டே போகும். வைனும் அவருடைய சகாக்களும் 1975இல் தெளிந்த பிசின் கட்டைகளில் செய்யப்பட்ட வளைந்த நாளங்களில் இதைக் கண்கூடாகக் காட்டினார்கள்: அராவி முடித்த நாளம் நடுவில் ஒடுங்கியும், நுனியில் கண்ணீர்த்துளி வடிவில் கிழிந்தும் நின்றது. படிப்படியாகப் பின்வாங்கி அராவும் முறை, மேலிருந்து கீழாக அகலப்படுத்தி வரும் முறை, ரோன் என்பவர் 1985இல் விவரித்த சமநிலை விசை முறை ஆகியவையெல்லாம் இந்த ஒரு சுபாவத்தோடு மனிதர் நடத்திய சமாதானப் பேச்சுகள்தாம். ரோனின் முறையை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஃபைலை வலஞ்சுழியாகச் சிறிது திருப்பிக் கடிக்கவிட்டு, கீழ்நோக்கி அழுத்தியபடியே இடஞ்சுழியாக அதைவிட அதிகம் திருப்பி அறுப்பது. இதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

இனி யந்திரம். இது நேற்று வந்த புதுமை என்று நினைப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள்: வில்லியம் ராலின்ஸ் என்னும் பாஸ்டன் வைத்தியர் 1889இலேயே நாளத்துக்கென ஒரு சுழல்கருவியைச் செய்தார், ஊசி முறிந்துவிடக் கூடாதே என்று நிமிஷத்துக்கு நூறு சுற்றுகளோடு நிறுத்திக்கொண்டார். எக்ஸ்-ரே கதிரின் அபாயத்தை முதன்முதலில் உணர்ந்து எச்சரித்தவர்களில் ஒருவராகப் பின்னாளில் விளங்கிய ராலின்ஸ் இவரே. நிதானம் அவருக்குப் பிறவிக் குணம் போலும். அதற்கடுத்து 1964இல் பிரான்சின் கடிகார நகரமான பெசான்சோனிலிருந்து மைக்ரோ-மெகா கம்பெனியின் ஜிரோமாட்டிக் வந்தது. எஃகுக் கருவியைக் கால் சுற்று இப்படியும் கால் சுற்று அப்படியுமாக விரைவாக அசைத்தது அது. விரலுக்கு ஓய்வு கிடைத்தது என்பது உண்மை. ஆயினும், எஃகு எஃகாகவே இருந்ததால், கை மெதுவாகச் செய்த தவறுகளை ஜிரோமாட்டிக் விரைவாகச் செய்தது. அதற்கு மேல் விரலுணர்ச்சியும் போயிற்று. யந்திரம் இருந்தும் உலோகம் மாறாதபோது என்ன நேரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

உலோகம் மாறியது, வழக்கம் போல, யுத்த தளவாடத்தின் வழியாக. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிச் சாலையில், ஏவுகணை முகப்புக்கேற்ற பொருளைத் தேடிக்கொண்டிருந்த வில்லியம் பியூலர், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்த உலோகத்தின் விந்தைக் குணங்களைக் கண்டார். எஃகுக் கம்பியை நூற்றில் ஒரு பங்குக்கு மேல் நீட்டினால் பழைய நிலைக்குத் திரும்பாது. இதுவோ ஏழெட்டுப் பங்கு வரை நீட்டினாலும், உள்ளே அணுக்களின் அடுக்கமைப்பையே மாற்றிக்கொண்டு விட்டுக்கொடுத்து, விசை நீங்கியதும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். பல்சீரமைப்புக் கம்பியாக இது முதலில் வாய்க்குள் நுழைந்தது. அந்தக் கம்பியையே கடைந்து, வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் ஆகிய மூவர், பதினைந்தாம் எண் ஃபைல் ஒன்றைச் செய்து, எஃகு ஃபைலைவிட அது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வளைந்து கொடுக்கிறது என்று 1988இல் எழுதினார்கள். முறுக்கினால் திமிறிக்கொள்ளும் உலோகமாகையால் கடைந்தே செய்ய வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் மோட்டாரில் பொருத்திச் சுழற்றும் ரோட்டரி ஃபைல்கள் பெருகின. நாமோ உலோகத்தையும் மோட்டாரையும் ஒன்றாகவே எதிர்கொண்டதால், இரண்டின் புகழையும் ஒன்றின் பெயரில் எழுதிவிட்டோம்.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் ஓர் ஆராய்ச்சி உண்டு. பெட்டியட் என்பவரும் சகாக்களும், பல் மருத்துவ மாணவர்கள் எஃகுக் கைஃபைலால் செய்த கடைவாய்ப்பற்களையும், நிக்கல் டைட்டானியக் கைஃபைலால் செய்த கடைவாய்ப்பற்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டாவது வகுப்பில் நாளத்தின் வளைவு பெரும்பாலும் காக்கப்பட்டது. ஓராண்டு கழித்து எக்ஸ்-ரே எடுத்தபோது வேர்நுனியைச் சுற்றியுள்ள எலும்பு ஆறியதிலும் இரண்டாவது வகுப்பே முந்தியிருந்தது. இங்கே மோட்டார் இல்லை. சுழற்றியது மாணவரின் விரல். என் நண்பர்களான வைத்தியர்களுக்கு இதைச் சொன்னால், “அப்படியானால் மோட்டார் எதற்கு?” என்று கேட்பார்கள்.

மோட்டாருக்கும் அதற்கென்று உரிய லாபங்கள் உண்டு. முதலாவது, சரிவு. இருபத்தைந்தாம் எண் கைஃபைல் முனையில் 0.25 மில்லிமீட்டர், பதினாறு மில்லிமீட்டர் மேலே 0.57. அதே முனையுடைய ஆறு சதச் சரிவு ரோட்டரி ஃபைல் அங்கே 1.21. இவ்வளவு தடித்த அரத்தைக் கையால் திருப்புவது சிரமம். மோட்டார் நிமிஷத்துக்கு முந்நூறு சுற்று வீதம் ஒரே சீராகத் திருப்பிவிடும். பத்துப் பதினைந்து கைஃபைல்களை மாற்றி மாற்றிக் கட்டவேண்டிய கூம்பு வடிவம் மூன்று நான்கு ஃபைல்களில் வந்துவிடுகிறது. இரண்டாவது, காலம், இதைச் சிலர் வைத்தியரின் சௌகரியம் என்று அலட்சியமாகச் சொல்லுவார்கள். வாயை அகலத் திறந்தபடி ஒரு மணி நேரம் படுத்திருந்து தாடை பிடித்துக்கொண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

காலத்தின் அருமை குழந்தைகளிடத்தில்தான் முழுமையாகத் தெரியும். பாற்பல்லுக்குப் போய் ரூட் கேனலா என்று தகப்பன்மார் வியப்பார்கள். ஆறு வயதில் விழவேண்டிய பல்லுக்கு வேண்டாம்தான், ஆனால் பத்துப் பதினோரு வயது வரை நின்று, பின்வரும் பல்லுக்கு இடம் காத்து வைக்க வேண்டிய பாற்கடைவாயைக் காப்பாற்றுவது அவசியம். அதன் வேர்கள் அடியில் கரைந்துகொண்டிருக்கும், விரிந்து வளைந்திருக்கும், சுவர் மெல்லியதாயிருக்கும். குழந்தையோ நமக்குச் சில நிமிஷங்களையே தானமாக அளிக்கும். பார் என்பவரும் சகாக்களும் 2000இல் பெரியவர்களின் ரோட்டரி ஃபைலைப் பாற்பல்லுக்குப் பயன்படுத்துவதை விவரித்தார்கள். ஆனால் பெரியவர்களுக்கென்று செய்த நீண்ட ஃபைல் சிறிய வாயில் நுழைந்து திரும்ப இடம் போதாது. பாற்பல்லுக்கென்றே பிரத்தியேகமாக அமைந்த ரோட்டரி ஃபைல், அந்நிய தேசத்திலிருந்தல்ல, சென்னையிலிருந்து வந்தது: சவீதா பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கணேஷ் ஜீவானந்தன் உருவாக்கிய கெடோ-எஸ். மொத்த நீளம் பதினாறே மில்லிமீட்டர். அறுக்கும் பகுதி பன்னிரண்டு. அவரும் சகாக்களும் கைஃபைலோடு ஒப்பிட்டுச் செய்த சோதனை 2018இல் ஐரோப்பியக் குழந்தைப்பல் மருத்துவ இதழில் வெளிவந்தது. நேரமும் குறைந்தது, நாளத்தில் அடைப்புப் பொருள் நிறைந்த நேர்த்தியும் கூடியது. கருவியை ஆக்கியவரே சோதித்தது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நேரம் குறைகிறது என்பதை மட்டும் எந்தக் குழந்தையின் தாயிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாற்பல் விஷயத்தில் நான் தயக்கமின்றி யந்திரத்தின் கட்சி.

இப்போது, யாரும் கேட்காத அந்த மூன்றாவது கேள்வி: நாளத்தை எதனால், எவ்வளவு நேரம் கழுவுவீர்கள் என்பது. ஜூரிச்சில் ஓவே பீட்டர்ஸ் முதலியோர் 2001இல், மேல் கடைவாய்ப்பற்களை அராவுவதற்கு முன்னும் பின்னும் நுண் சி.டி. ஸ்கேனில் படமெடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். கையால் சுழற்றிய நிக்கல் டைட்டானிய ஃபைலும் இருந்தது; மூன்று வகை ரோட்டரியும் இருந்தன. எந்த முறையானாலும் நாளச் சுவரில் முப்பத்தைந்து சதவீதமோ அதற்கு மேலோ கருவியின் ஸ்பரிசமே படாமல் கிடந்தது. முட்டை வடிவ நாளத்தின் ஓரங்கள், இரண்டு நாளங்களுக்கிடையே உள்ள இடுக்குகள், ஹெஸ்ஸின் ரப்பர் வலையில் தெரிந்த கிளைகள் ஆகியவற்றில், வட்டமாகச் சுழலும் எந்தக் கருவியும் போக முடியாது. டால்டனும் சகாக்களும் 1998இல் எஃகுக் கைஃபைலையும் நிக்கல் டைட்டானிய ரோட்டரியையும் கிருமிக் கணக்கிலேயே ஒப்பிட்டார்கள். இரண்டிலும் வெறும் உப்புநீரால் கழுவினார்கள். கிருமி குறைந்த அளவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதற்கும் முன்னே, எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்வீடனில் பிஸ்ட்ரோமும் சண்ட்குவிஸ்டும் ஒரே விதமாகக் கையால் அராவி, உப்புநீருக்குப் பதிலாக அரைச் சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவியபோது கிருமியற்ற பற்களின் தொகை தெளிவாகக் கூடிற்று. கருவியை மாற்றியபோது மாறாத கணக்கு, நீரை மாற்றியபோது மாறியது.

ஆகையால் அரம் செய்வது வாய்க்காலைத்தான். சுத்தம் செய்வது நீர். நாளத்தைக் கூம்பாக அகலப்படுத்துவதே கழுவும் ஊசி உள்ளே இறங்குவதற்காக. முப்பதாம் கேஜ் ஊசியின் புறவிட்டம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், அதன் பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து புறப்படும் திரவம் ஊசிமுனையைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் போனால் அதிகம். நாளம் போதிய அளவுக்கு அகலாவிட்டால் ஊசி பாதிவழியில் நின்றுவிடும். கடைமடையில் காற்றுக்குமிழி மட்டும் இருக்கும். பிறகு, அராவிய தூள் சுவரில் மெழுகினாற்போல் ஒட்டிக்கொள்ளும் படலத்தை ஈ.டி.டி.ஏ. என்னும் திரவத்தால் கரைத்து, திரும்பவும் ஹைப்போகுளோரைட்டால் கழுவ வேண்டும். ரோட்டரி பத்து நிமிஷத்தில் அராவிவிடுகிறது. அங்கேதான் அதன் அபாயமும் இருக்கிறது. கைஃபைல் காலத்தில், ஒவ்வொரு ஃபைலுக்கும் இடையே கழுவிக் கழுவி, வேறு வழியில்லாமலேயே திரவம் முக்கால் மணி நேரம் உள்ளே தங்கியது. யந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தைக் கழுவுவதற்குச் செலவிடுகிறவர் யந்திரத்தால் லாபமடைந்தவர். அந்நேரத்தில் அடுத்த நோயாளியை அழைக்கிறவரிடம் நோயாளி லாபமடைந்ததாக நான் கருதவில்லை. ஹைப்போகுளோரைட் தொண்டையில் இறங்காமலும் எச்சில் நாளத்தில் இறங்காமலும் பல்லை மட்டும் தனித்து நிறுத்தும் ரப்பர் திரையை, பார்னம் என்பவர் 1864இலேயே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அதை மாட்டாமலே லட்ச ரூபாய் யந்திரத்தை இயக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் சர்வசாதாரணம்.

முறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃகு ஃபைல் முறிவதற்கு முன் தன் முறுக்கு அவிழ்ந்து, கண்ணுக்குத் தெரியும்படி எச்சரிக்கும். நிக்கல் டைட்டானியம் பெரும்பாலும் எச்சரிப்பதில்லை. வளைவில் சுழலும்போது அதன் ஒவ்வொரு புள்ளியும் சுற்றுக்கு ஒருமுறை நீண்டும் சுருங்கியும் களைத்துப்போகும். அல்லது நுனி சிக்கிக்கொண்டு உடல் திரும்பும்போது முறுக்குண்டு போகும். குறித்த விசையை மீறினால் தானே நின்று பின்சுழலும் எண்டோமோட்டார்கள் வந்ததற்கு இதுவே காரணம். யாரெட் என்பவர் 2008இல், ஃபைலை முழுச் சுற்றாகவே சுழற்றாமல், அறுக்கும் திசையில் அதிகமும் எதிர்த்திசையில் குறைவுமாக ஆட்டினால் ஒரே ஃபைலால் நாளத்தை முடிக்கலாம் என்று எழுதினார். 2011இல் அந்தக் கருத்தின்மேல் வந்த ரெசிப்ராக் ஃபைல் 150 பாகை அறுத்து 30 பாகை விடுவித்துக்கொண்டு செல்கிறது. சற்றுமுன் நினைவில் வைக்கச் சொன்ன ரோனின் விரலசைவுதான் இது! கையைத் தோற்கடிக்க வந்த யந்திரம், தன் மிகப் புதிய அவதாரத்தில், கையின் அசைவைக் கற்றுக்கொண்டு நிற்கிறது.

அன்றியும் எந்த ரோட்டரியும் தானே வழி கண்டுபிடிப்பதில்லை. பத்தாம் எண் கைஃபைல் நுனி வரை தளர்வாகப் போய்வந்த பிறகே மோட்டாரை எடுக்கலாம் என்பது பெரும்பாலான முறைகளுக்குப் பொது விதி. வெற்றிலையும் புகையிலையும் போட்டுத் தேய்ந்த கிழப்பற்களில், கூழறை வற்றி, நாளம் மயிரிழையாய்க் குறுகியிருக்கும்; அங்கே எட்டாம் எண் ஃபைலும் விரலும் பொறுமையும்தான் வேலை செய்யும். என் மணிக்கட்டைப் பிடித்த ஆச்சியின் பல் அத்தகையது. பெரும்பகுதியைக் கையாலேயே செய்து, கடைசியில் ஓரிரு நிமிஷம் மோட்டாரையும் ஓட்டினேன்; சத்தம் கேட்டு, “என்னா தம்பி, மெஷினா?” என்றார். “ஆமா ஆச்சி, வழி கையாலதான் போட்டாச்சு” என்றேன். சமாதானமாகிவிட்டார்.

யந்திரத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் அதோடு கேட்க வேண்டிய இன்னொன்று, இந்த ஃபைல் இதற்கு முன் எத்தனை பற்களைப் பார்த்தது என்பது. களைப்பு கண்ணுக்குத் தெரியாத உலோகத்தில் இது சிறிய கேள்வியன்று. இங்கிலாந்தில் 2007இல் சுகாதாரத் துறை, மூளையைத் தாக்கும் பிரியான் என்ற நோய்ப்பொருள் எந்தச் சுத்திகரிப்பிலும் முற்றாக நீங்குமென்ற நிச்சயம் இல்லாமையால், வேர்சிகிச்சை ஃபைல்களை ஒரே முறைதான் பயன்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. நம் நாட்டில் விலையை உத்தேசித்து ஆட்டோகிளேவில் வைத்து மறுமுறை எடுப்பதே வழக்கம். நேர்மையாக எண்ணிக்கை வைத்து, வளைந்த கடைவாயைப் பார்த்த ஃபைலை உடனே கழித்துவிடுகிறவரிடம் அதில் பெரிய தோஷமில்லை என்பது என் கட்சி. எண்ணிக்கையே வைக்காதவரிடம் செல்வதைவிட, புதுக் கைஃபைல்களை வைத்திருக்கும் பழைய வைத்தியரிடம் செல்வது மேல்.

விடுமுறை முடிவதற்குள் வேலை முடியாமல் விமானம் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளத்தினுள் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து, மேலே தற்காலிக அடைப்பு போட்டு அனுப்பும்போது, ஒரு சீட்டு எழுதித் தருவேன்: எத்தனை நாளங்கள் அகப்பட்டன, பல்லின் எந்த முகட்டிலிருந்து அளந்து ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர், நுனி வரை கடைசியாகச் சென்ற ஃபைலின் எண் என்ன, எந்தத் திரவத்தால் கழுவியது, மருந்து வைத்த தேதி என்ன. அதைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டு, போய் இறங்கிய வாரத்திலேயே அங்குள்ள பல் வைத்தியரிடம் நாள் கேட்டுவிடுங்கள். அங்கே நாள் கிடைக்கவே சில வாரங்களாகும், தற்காலிக அடைப்போ மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் எச்சிலைத் தடுத்து நிற்காது.